கை தூக்கக் கூடாத நாட்கள்

என் செல்ல மகளே,

நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. இன்று காலையில்தான் வீடியோவில் பல் தேய்த்துக்கொண்டே பேசினாய். வாய் நிறைய நுரையோடு நீ சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே கையை உயர்த்தி மேல் அலமாரியிலிருந்து துண்டை எடுத்தாயே, அதைப் பார்த்தேன். எனக்கு அது போதும். ஓசூர் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கு என்றதற்கு நீ தலையாட்டிய விதத்திலேயே வாங்கமாட்டாய் என்பதும் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்கு இதெல்லாம் தெரியாமலா போகும்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே நீதான். உன் தோழிக்கு அடுத்த மாதம் இதே ஆபரேஷன். அவளுடைய அம்மா தேனியிலிருந்து எனக்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டார். "எம்புட்டு நாளைக்கு வலிக்கும்க்கா? என்னத்தக் குடுக்கணும், என்னத்தக் குடுக்கக் கூடாது? எனக்கு ஒன்னுமே வெளங்கலையே" என்று அவர் கேட்கும்போது என் பழைய குரலே எனக்குக் கேட்டது. போனில் சொல்லிச் சொல்லி மறந்து போகிறது. "எனக்கு எழுதுற மாதிரி எழுதும்மா, நான் அவங்களுக்கும் காட்டிக்கிறேன்" என்றாய். உனக்கு எழுதுவதென்றால் நடுநடுவே திட்டாமல் எனக்கு எழுத வராது. தேனி அம்மா பொறுத்துக்கொள்ளட்டும்.

அவருக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். நீ பிறந்தபோது ஆண் குழந்தை என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். நாங்களும் அப்படியே வளர்த்தோம். நீ பெண் என்பது உனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கிறது. எங்களுக்கு நீ கல்லூரி முடித்த வருடம் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அழுதோம், கத்தினோம், சாமியாடியைக்கூடக் கேட்டோம். பிறகு ஒரு சாயங்காலம் உங்கப்பா வெளியே போய்விட்டு வரும்போது வழக்கமாக எனக்கு வாங்கும் ஒரு முழம் மல்லிகைக்குப் பதிலாக இரண்டு முழம் வாங்கி வந்து, டிவி மேல் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போனார். அதோடு நம் வீட்டுக்குள் அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வெளியேதான் முடியவில்லை. ஊர் உலகத்தைப் பற்றி நீ என்றைக்கும் கவலைப்பட்டதில்லை. உனக்கு வெளியே என்றால் அது எழுமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் தம்பி, உன் மாமன், அவன் ஒருத்தன்தான். அவன் மடியில் வைத்துத்தான் உனக்கு மொட்டை போட்டோம், காது குத்தினோம். கிணற்றில் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கினான். நடக்கத் தெரியாத நாளிலிருந்தே உன்னை "மாப்ள, மாப்ள" என்றுதான் கூப்பிட்டான். நீ சொன்ன பிறகு வருவதை நிறுத்திவிட்டான். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. போன் செய்தால் மழை, மோட்டார், தேங்காய் விலை எல்லாம் பேசுவான். உன்னைப் பற்றி வாயெடுத்தால், "சரிக்கா, வச்சிர்றேன்" என்பான். நான்கு வருடம் இப்படியே ஓடியது. டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பளிச் பளிச்சென்று பதில் சொன்ன நீ, ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று "மாமாவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்கும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். அவன் வந்து நின்றால் உனக்கு வேறு எவரும் வேண்டாம், அவன் வராவிட்டால் ஊரே வந்தாலும் நிறையாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

மார்பில் சிலிக்கான் வைக்கும் ஆபரேஷன் என்று நீ முதலில் சொன்னபோது நான் மறுத்ததை ஒளிக்கவில்லை. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வந்த வளர்ச்சியே போதுமே, நல்லாத்தானே இருக்கே என்றேன். "நல்லா இருக்குறது உங்களுக்கும்மா. கண்ணாடிக்கு முன்னாடி நிக்கிறது நானு" என்றாய். ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'மகளின் அறுவை சிகிச்சை' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உங்களுக்குப் பையன்தானே?" "மகதான் சார்" என்றேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நல்லபடியா முடிச்சிட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டார். உலகம் நாம் பயப்படுகிற அளவுக்கு எப்போதும் கெட்டதாக இருப்பதில்லை.

ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது நீ பாதி மயக்கத்தில் இருந்தாய். தேனி அம்மாவுக்குச் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வெளிறிப் போயிருக்கும், குளிரில் நடுங்கும், குமட்டும், வாந்தியும் வரலாம். எல்லாம் மயக்க மருந்து செய்கிற வேலை. கண் திறந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை "அம்மா, மேல யாரோ உக்காந்திருக்காங்க" என்பதுதான். நான் பதறிப்போய்க் கட்டிலைச் சுற்றிப் பார்த்தேன். நர்ஸம்மா சிரித்தார். "நெஞ்சு அப்படித்தான் பாரமா, இறுக்கமா இருக்கும். சதைக்குக் கீழ வச்சிருக்குல்ல, அது இடம் பழகணும்" என்றார். அந்தப் பாரம் முதல் சில நாள் நன்றாகவே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

வீட்டுக்குக் கூட்டி வந்ததே ஒரு கூத்து. வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே போன உங்கப்பாவுக்கு மதுரை ரோட்டில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால், "அண்ணே, மெதுவாண்ணே, மெதுவாண்ணே" என்று கார் டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். தல்லாகுளம் வருவதற்குள் அந்த டிரைவர், "சார், நீங்களே இறங்கித் தள்ளிக்கிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டார். நீ சிரித்தாய், சிரித்ததும் வலித்தது, வலித்ததும் எங்கள் இருவரையும் திட்டினாய். சிரிப்பு, தும்மல், இருமல் மூன்றுமே முதல் வாரத்துக்கு எதிரிகள். சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னது நர்ஸம்மாவின் யோசனை. மறக்காமல் எடுத்துப் போங்கள்.

படுக்கிற விஷயத்தில்தான் நீ என்னை அதிகம் படுத்தினாய். குப்புறப் படுத்தே வளர்ந்த பிள்ளை நீ. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த மாதிரிதான், மல்லாந்துதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. வீட்டிலிருந்த தலையணை அத்தனையும் உன் முதுகுக்கு வந்தது. நானும் உங்கப்பாவும் மடித்த போர்வையில் தலை வைத்துப் படுத்தோம். கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது, ஒருக்களித்துக் காலைக் கீழே இறக்கி, வயிற்றுப் பலத்தில் எழ வேண்டும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஏன், கதவை வேகமாக இழுப்பதுகூட ஆகாது. ஆனால் அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. மறுநாளிலிருந்தே வீட்டுக்குள் மெதுவாக நடக்கச் சொன்னார்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க. அந்த இறுக்கமான ஆபரேஷன் பிராவை ராத்திரி பகல் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும். அரிக்கிறது, வேர்க்கிறது என்று நீ புலம்பியது நியாயம்தான். சித்திரை வெயிலில் இந்த ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவளை வேறென்ன சொல்வது. தேனி அம்மா, மார்கழி பக்கம் தள்ளிப் போட முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் நான் செய்த கோளாறையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் தையல் போட்ட உடம்புக்குப் பருப்பு ஆகாது, சீழ் வைக்கும் என்பார்கள். கத்தரிக்காய் அரிக்கும், முட்டை சூடு. எல்லாவற்றையும் கழித்துவிட்டு உனக்கு இட்லியும் பிரெட்டும் ரசம் சாதமுமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்துப் பார்க்கப் போன அன்று டாக்டர், "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். நீயும் வஞ்சகமில்லாமல் சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். "அம்மா, புண்ணு ஆறுறதுக்கு உடம்புக்கு எதாவது வேணும்ல? பருப்பு, முட்டை, மீனு, கோழி, எல்லாம் குடுங்க. பருப்புல சீழ் வராது, அழுக்குக் கை பட்டாத்தான் வரும்" என்றார். அன்று மத்தியானம் நீ சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இன்னொன்று, வலி மாத்திரை வயிற்றைக் கட்டிவிடும். அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு நீ கஷ்டப்பட்டாய். கொய்யாப்பழம், நிறையத் தண்ணீர், அதற்கும் மசியாவிட்டால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள். மஞ்சளையோ எண்ணெயையோ தையல் மேல் தடவாதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். அந்த இடத்தில் கொஞ்ச நாளைக்குத் தோல் மரத்துப் போயிருக்கும், சுட்டால்கூடத் தெரியாது. மரப்பு நீங்கும்போது சுருக் சுருக்கென்று எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றால் தலை வாருவது யார்? நான் வாரினால் வெடுக்கென்று இழுக்கிறேன் என்று சொல்லி உங்கப்பாவைக் கூப்பிட்டாய். மனுஷன் சீப்பைப் பிடித்த அழகைப் பார்க்க வேண்டுமே, டிக்கெட் கிழிப்பதைப் போலவே இருந்தது. முதல் நாள் பின்னல் காதுக்குப் பக்கத்தில் முடிந்தது. ஒரு வாரத்தில் தேறிவிட்டார். தலைக்கு மேலே மாட்டும் உடுப்பு எதுவும் உனக்கு ஆகாது, முன்பக்கம் பட்டன் வைத்ததுதான் முடியும் என்பதால் அவருடைய சட்டைகளையே போட்டுக்கொண்டு திரிந்தாய். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "என் சட்டைதான் எம்மகளுக்குச் சேருது" என்று இஸ்திரிக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டு வந்தார்.

இனி சொல்லப்போவதுதான் தேனி அம்மாவுக்கு முக்கியம். வலி குறையத் தொடங்கிய பிறகுதான் நீ அழ ஆரம்பித்தாய். எனக்குக் கை கால் ஓடவில்லை. வலியில் அழாத பிள்ளை வலி போன பிறகு ஏன் அழுகிறாள்? கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கும்மா. கழுத்துக்குக் கிட்ட நிக்குது. ஒன்னு பெருசு, ஒன்னு சின்னது. இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றாய். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, வெளியில் சொல்லவில்லை. போனில் நர்ஸம்மாவைப் பிடித்தேன். "எல்லாருக்கும் இந்தக் கட்டம் வரும்மா. முதல்ல மேலதான் நிக்கும், இறுக்கமாத்தான் இருக்கும். வீக்கம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வடியாது. மாசக்கணக்குல மெல்ல இறங்கி, மெதுவாகி, இடத்துல உக்காரும். இப்பப் பாத்து முடிவு கட்டாதீங்க. மனசு சோர்ந்து போறதும் மருந்தாலதான், அதுவும் வடிஞ்சிரும்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் பிறகு நடந்தது. ஆனால் அன்றைக்கு உன் அழுகை முழுவதும் மருந்தால் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். போன் அடிக்கும்போதெல்லாம் நீ திரையை எட்டிப் பார்த்ததை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பயப்பட வேண்டியது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெரிதாக வீங்கினால், காய்ச்சல் வந்தால், சிவந்து கொதித்தால், தையலில் நீர் கசிந்தால், மூச்சு வாங்கினால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நமக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. நான் மட்டும் ஒரு நாள் உன் பிராவின் சிவப்பு லேபிளைப் பார்த்துவிட்டு ரத்தம் என்று கூச்சல் போட்டேன். அதை இன்னும் நீ எல்லோரிடமும் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாய்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ அழுதாயே, அதற்கு மறுநாள் நான் எழுமலைக்குப் போன் போட்டேன். வழக்கம்போல மோட்டார், தேங்காய் எல்லாம் முடிந்தது. "சரிக்கா, வச்சிர்றேன்" என்று அவன் சொல்வதற்குள் முந்திக்கொண்டேன்.

"ஒன்னுமில்லடா, ஞாயித்துக்கிழம வீட்ல ஆளுக வாராக. அவ கூட்டாளிகல்லாம் சேந்து அவளுக்குச் சடங்கு செய்யப் போறாகளாம்."

"என்ன சடங்கு?"

"பொம்பளப் புள்ளைக்குச் செய்ற சடங்குதான். தண்ணி ஊத்தி, சேல கட்டி, மாலை போட்டு. தாய்மாமன் எடத்துல நிக்க யாரோ ஒரு அண்ணன் வாராராம்."

மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது.

"யாரு அவன்?"

"எனக்கென்னடா தெரியும்? நல்ல மனுசனாம்."

"நான் உசுரோடதான இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளிகள் கேக் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னது உண்மை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாம் என்றால், ஒரு பொய் சொல்லி ஒரு சடங்கைச் செய்யக் கூடாதா? எங்கள் பக்கத்து ஆண்களை எனக்குத் தெரியும். பாசத்தை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்துவிடுவார்கள். ஆனால் தான் செய்ய வேண்டிய முறையை இன்னொருத்தன் செய்யப் போகிறான் என்றால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், வாசலில் ஒரு ஆட்டோ. அதன் இரண்டு பக்கமும் பச்சைத் தென்னங்கீற்று நீட்டிக்கொண்டிருந்தது. எழுமலையிலிருந்து பஸ்ஸில் அதைக் கொண்டுவந்து, கண்டக்டரோடு சண்டை போட்டு, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறக்கி ஆட்டோ பிடித்திருக்கிறான். சடங்கு என்றால் தாய்மாமன் தன் கையால் பச்சை ஓலையில் குச்சுக் குடிசை கட்ட வேண்டுமே, மறப்பானா? பின்னாலேயே அவன் மனைவி, உன் அத்தை, சீர்த்தட்டுகளோடு இறங்கினாள். கீழ்வீட்டு ஓனர் வெளியே வந்து, "என்ன விசேசம்?" என்றார். "ஒரு மொறை இருக்குண்ணே, செஞ்சிட்டுப் போகணும்" என்றான். "யாருக்கு?" என்று அவர் கேட்டதற்கு மட்டும் குனிந்து கீற்றை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

மாடியேறி வந்தவன் உன் முகத்தைப் பார்க்கவில்லை, தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தான். "எங்க அந்தாளு?" என்று என்னிடம் கேட்டான். "நீ வாரேன்னு தெரிஞ்சதும் அவரு வரலைன்னுட்டாரு" என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். அவன் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. உங்கப்பா எதற்கோ திரும்பிக்கொண்டார், சிரிப்பை அடக்கத்தான்.

மொட்டை மாடியில் குச்சு எழும்பியது. அத்தை மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன். "தலைக்குத் தண்ணி ஊத்தாம என்னக்கா சடங்கு?" என்று அவன் எகிறினான். அப்போதுதான் நீ நான்கு வருடத்துக்குப் பிறகு அவனிடம் முதல் வார்த்தை பேசினாய்.

"மாமா, கட்டு நனையக் கூடாது."

"எந்தக் கட்டு..." என்று திரும்பியவன், நான் எப்போதோ போனில் வாயெடுத்த ஆபரேஷன் நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டான். காது இரண்டும் சிவந்து போனது. "சரி சரி. காலுக்கு ஊத்துவோம். ஊத்துறதுதான் கணக்கு, எங்க ஊத்துனா என்ன" என்று தானே ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கினான். அத்தை தன் மகள் அளவில் ஒரு ஜாக்கெட் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். வீக்கம் வடிந்து அளவு நிலைக்கப் பல மாதம் ஆகும், அதுவரை உள்ளாடைகூட அளவெடுத்து வாங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அவளுக்கு விளக்கினேன். "அடி ஆத்தி, அப்பச் சேலைய எதுமேல கட்டுறது மதினி?" என்றாள். கடைசியில் உங்கப்பாவின் வெள்ளைச் சட்டை மேல் பட்டுச்சேலையைச் சுற்றினோம். கையைத் தூக்க விடாமல் நாங்கள் இருவரும் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்து கட்டினோம். இப்படி ஒரு சடங்குப் பெண்ணை மதுரை ஜில்லா பார்த்திருக்காது. ஆனால் நீ அழகாகத்தான் இருந்தாய், என் கண்ணே பட்டிருக்கும்.

மாலைதான் மிச்சம். உசிலம்பட்டி மார்க்கெட்டில் சொல்லிக் கட்டிய சம்பங்கி மாலை, தூக்கினால் ஒரு குழந்தை கனம் கனத்தது. "நெஞ்சுல பாரம் படக் கூடாதுடா, தட்டுலயே இருக்கட்டும்" என்றேன். அவன் மாலையைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். பிறகு உன் கழுத்தைச் சுற்றி மாலையைப் போட்டு, முன்பக்கம் உன் மேல் படாதபடி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றுவிட்டான். அத்தை நலங்கு வைத்து, ஆரத்தி சுற்றி, உன் கூட்டாளிகள் வந்து, கேக் வெட்டி, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து முடிக்கும் வரை நின்றான். உங்கப்பா மாற்றிப் பிடிக்கிறேன் என்று போனார். "விடுங்க மச்சான், இது என் வேலை" என்றான். எல்லாப் போட்டோவிலும் அவனுடைய இரண்டு கையும் இருக்கின்றன.

அன்று சாயங்காலம் அவர்கள் கிளம்பிப் போன பிறகு, தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டாய். "மாமா என்னைய ஒன்னுமே சொல்லிக் கூப்பிடலைலம்மா?" நானும் கவனித்தேன். 'இந்தா', 'இங்க நில்லு', 'அத எடு' என்றுதான் நாள் முழுக்க ஓட்டினான். பழைய 'மாப்ள' வாய்வரை வந்து திரும்பிப் போனது. உன் பெயர் வரவேயில்லை. "வந்தான்ல தாயி, அது போதாதா?" என்றேன். "போதும்மா" என்றாய். உனக்குப் போதவில்லை, எனக்கும்தான்.

மற்றபடி எல்லாம் நல்லபடியாக நடந்தது. நீ ஓசூர் போய் வேலையில் சேர்ந்துவிட்டாய். தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறதே என்று கவலைப்படாதே, மங்க ஒரு வருடம்கூட ஆகும். ஸ்கூட்டியை டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மட்டும் எடு. உள்ளே வைத்தது ஆயுசுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே, வருடா வருடம் காட்ட வேண்டும், என்றைக்காவது மாற்ற வேண்டியும் வரலாம் என்று அவர் சொன்னாரே, ஞாபகம் இருக்கட்டும். தேனி அம்மா, உங்கள் டாக்டர் இதில் எதையாவது மாற்றிச் சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள்; நான் ஒரு பிள்ளையைப் பார்த்தவள், அவர் பல பேரைப் பார்த்தவர்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். போன் அடித்தது. உன் மாமன்.

"அக்கா, ஊருக்குள்ள தல காட்ட முடியல. நான் மொய் செஞ்சவன்லாம் புடிச்சுக் கேக்குறான், வீட்டு விசேசத்த சொல்லாமச் செஞ்சிட்டியாமே, எங்களுக்குச் சோறு இல்லையான்னு. ஆவணியில எழுமலையில வச்சு ஒரு கெடா வெட்டிப் போட்டுருவோம். பத்திரிகை அடிக்கக் குடுக்கப் போறேன். புள்ள பேரு போடணும்ல."

நான் உன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீ சொல்லாத. நாலு வருசமா நீ சொல்லிச் சொல்லி எனக்குத் தெரியும். அவகிட்டயே கேக்குறேன். மாமன் கேட்டு அவ சொல்லணும், அதான் மொற. நாளைக்குக் காலையில கூப்புடுறேன், ஆபீசு போகுமுன்ன எடுப்பாளா?"

எடுப்பாள் என்று சொல்லிவிட்டேன். அதனால் இதை உங்கப்பா இப்போதே போட்டோ எடுத்து அனுப்புவார். தூங்கப் போகும் முன் படித்துவிடு. காலையில் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். பெயரைக் கேட்டால் நிறுத்தி, தெளிவாகச் சொல். அழுதுகொண்டே சொல்லாதே, அந்தப் பக்கம் அவனும் அழுதுகொண்டுதான் இருப்பான். உன் பெயரைத் தப்பாக அடித்துவிடப் போகிறான்.

உன் அம்மா